ஒரு நிமிடம் நாற்பது வினாடி

மான்ட்கோமரி, அலபாமா
பிப்ரவரி 11, 2024

ரோண்டா,

கிழித்துப் போடுவதற்கு முன் முதல் பத்தியை மட்டுமாவது படித்துவிடு. போனில் நாம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் கத்துகிறேன், நான்காவதில் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் எனக்குக் கிடைக்காத சௌகரியம், விவாகரத்துக்குப் பிறகு ஒரு தபால்தலை விலையில் கிடைத்திருக்கிறது.

நான் இன்னும் மெத்தைதான் விற்கிறேன். போன வாரம் நம் சர்ச் டீக்கன் ஹாலிஸ், மூன்றாவது மனைவியோடு மெத்தை வாங்க வந்தார். "சும்மா படுத்துப் பாருங்க சார்" என்றேன். படுத்தவர் ஐந்தாவது நிமிடம் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். புது மனைவி என்னைப் பார்த்து, "இதையே பில் போடுங்க. மனுஷன் என் பக்கத்துல தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றாள். எனக்கு எடை கூடியிருக்கிறது. எவ்வளவு என்று கேட்காதே. கடைத் தராசு முள் என் மேல் கோபமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நைலா கூப்பிட்டாள். டாலிவர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். உன் ஊர் மின்னியாபொலிஸிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகமும் அவளை அழைத்திருக்கிறதாம். அம்மாவுக்கு டாலிவர்தான் பிடித்திருக்கிறது என்கிறாள்.

உனக்கா? நாம் இருவரும் படித்து, சந்தித்து, சண்டை போட்ட அந்தக் கல்லூரியையா? டாலிவர் என்றால் எந்த ஊரில் இருக்கிறது என்று ஒவ்வொரு வேலை நேர்காணலிலும் விளக்கம் சொல்லிச் சொல்லி உன் தொண்டை வறண்டது உனக்கு மறந்துவிட்டதா? அங்கே பெண்கள் விடுதியில் மூன்றாவது மாடிக் கூரை 1991லேயே ஒழுகிக்கொண்டிருந்தது. பதிவு அலுவலக வரிசையில் நின்றவர்கள் நிற்கும்போதே காதலித்துப் பிரிந்திருக்கிறார்கள். ஆய்வகத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவதெல்லாம் நம் கண்ணிமை மயிர்தான். கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு கதவு திறக்காத காலத்தில் நம் முன்னோர் கட்டியது அது. இப்போதுதான் எல்லாக் கதவும் திறந்திருக்கிறதே.

நைலாவை அங்கே அனுப்பாதே. அவ்வளவுதான்.

லூசியஸ்


மின்னியாபொலிஸ்
பிப்ரவரி 26

லூசியஸ்,

கிழிக்கவில்லை.

இதை எழுதியது நீதானா என்று இரண்டு முறை கையெழுத்தைப் பார்த்தேன். டாலிவர் பேண்டில் ஆள் உயரப் பித்தளை டியூபா ஊதியவன். கல்யாணத்துக்குக் கல்லூரிக் கலரில் டை கட்டி வந்து என் அம்மாவை அழவைத்தவன். டேரியனை டாலிவருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு மாதம் என்னோடு சாப்பிட உட்காராதவன். அன்றைக்கு நீ தோற்றாய். நான் ஜெயித்தேன். என் மகனை நாற்பதாயிரம் பேர் படிக்கும் வடக்கத்திப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன், அதன் பெயர் போட்ட குவளையில் ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்க்கக் காபி குடித்தேன்.

அவன் என்ன சொன்னான் என்று உனக்கும் தெரியும். முந்நூறு பேர் உட்கார்ந்த வகுப்பில் குழு பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுவது அவன்தான். சொந்த விடுதி வாசலில் வாரம் ஒரு முறை அடையாள அட்டை கேட்டார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். அதனால் அவன் வராததை யாரும் கவனிக்கவில்லை. அறைத்தோழன் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தான். சனிக்கிழமை மதியம் காய்ச்சலோடு படுத்தவன் அறைக் கதவைத் திங்கட்கிழமைதான் திறந்தார்கள். சனிக்கிழமை மாலைக்குள் யாராவது தட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நீ அப்போது நடைக்கூடத்தில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாய்.

டாலிவரில் சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பலகை இருந்ததே. முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பித்தளை வில்லை. காலையில் சாப்பிட வரும்போது அதை இடப்பக்கத்து ஆணியிலிருந்து வலப்பக்கத்து ஆணிக்கு மாற்ற வேண்டும். ஒன்பது மணிக்கு இடப்பக்கம் யார் வில்லை தொங்குகிறதோ அவர் கதவைத் தட்ட, சாப்பாடு பரிமாறும் மிஸ் ஓபல் கிளம்பிவிடுவார். எனக்கு வேண்டியது அந்தப் பலகை. கூரை ஒழுகட்டும்.

ரோண்டா


மான்ட்கோமரி
மார்ச் 17

ரோண்டா,

உனக்கு ஒரு துக்கச் செய்தி. பலகை இல்லை. 1994லேயே கழற்றிவிட்டார்கள். "நாங்கள் வயது வந்தவர்கள், இது கல்லூரியா சிறைச்சாலையா" என்று இருநூற்றுப் பதினோரு கையெழுத்தோடு ஒரு மனு போனதல்லவா? அதை எழுதிய மாணவிக்குப் பட்டம் கொடுத்து அனுப்பிய மறுவருடமே நிர்வாகம் பணிந்துவிட்டது. அந்த மாணவி யார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் என்னோடு ஆற்றங்கரைக் கடையில் கெளுத்தி மீன் வறுவல் தின்றுகொண்டிருந்த காலை வேளையில் மிஸ் ஓபல் அவள் கதவைத் தட்டி, ஆள் இல்லை என்று தெரிந்து, விடுதி முழுக்க அவள் பேரை ஏலம் போட்டார். மனுவின் மூலகாரணம் கெளுத்தி மீன். சரித்திரத்தில் இப்படித்தான் பல புரட்சிகள் நடந்திருக்கும்.

ஆகவே அந்தக் காரணமும் போயிற்று. உன் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே சேர்த்துவிடு. வீட்டிலிருந்து போய் வரட்டும். கதவைத் தட்ட நீயே இருக்கிறாய்.

என் முழங்கால் இப்போது படி ஏறும்போது ஒரு சத்தம் போடுகிறது. நம் பழைய காரின் ஹேண்ட்பிரேக் மாதிரியே.

லூசியஸ்


மின்னியாபொலிஸ்
ஏப்ரல் 20

லூசியஸ்,

போன வாரம் நைலாவை டாலிவருக்கு அழைத்துப் போய் வந்தேன். மான்ட்கோமரி வழியாகத்தான் போனோம்; உன்னிடம் சொல்லவில்லை. திரும்பும்போது காரில் அவளைக் கேட்டேன், "எப்படி இருந்துச்சு?"

"யாரும் என்னைத் திரும்பிப் பாக்கலம்மா."

"அது நல்லதா கெட்டதா?"

"உங்களுக்குப் புரியாது. நம்ம ஊர்ல கடைக்குள்ள நுழைஞ்சா ஒரு செகண்ட் எல்லாரும் பாப்பாங்கல்ல? அந்த ஒரு செகண்ட் அங்க இல்ல. நூலகத்துல ஒரு பையன் என்கிட்ட வந்து, 'தள்ளி உக்காரு, அது என் இடம்'னு திட்டினான். எவ்வளவு நல்லாருந்துச்சு தெரியுமா?"

எனக்கு ஏன் புரியாது? எனக்கும் பதினெட்டு வயது இருந்தது.

நம்மோடு படித்த சார்லினை அங்கே பார்த்தேன். நீ ஒன்றரை வருடமாகக் கல்லூரிப் பக்கமே போகவில்லையாம். டியூபாவை விற்றுவிட்டாயாம். பழைய மாணவர் விழாவுக்கு முப்பது வருடத்தில் ஒரு வருடம் தவறாதவன். "உன் புருஷனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். என் புருஷன் இல்லை என்றேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

கூரை, வரிசை, நுண்ணோக்கி எல்லாம் சொல்லிவிட்டாய். இனி நிஜக் காரணத்தைச் சொல். ஜோக் வேண்டாம்.

ரோண்டா


மான்ட்கோமரி
மே 5

ரோண்டா,

ஜோக் இல்லாமல் எழுதுவது எனக்கு வராது. நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அந்தச் சனிக்கிழமை டாலிவரில் பழைய மாணவர் விழா. நீ வரவில்லை, வழக்கம் போல. விழாவின் கால்பந்துப் போட்டியில் இரண்டாம் பாதி ஆட்டம் தொடங்குவதற்கு முன் பழைய பேண்ட்காரர்கள் எல்லாம் மைதான ஓரத்தில் நின்று இளவட்டங்களோடு மல்லுக்கட்டி வாசித்துக்கொண்டிருந்தோம். டியூபா என் தோளில். சீருடைச் சட்டையில் மூன்று பொத்தான் போட முடியாமல் ஊசி குத்தியிருந்தேன். அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. டேரியன்.

"அப்பா..."

"சொல்லுடா! சத்தமா சொல்லு!"

"தல ரொம்ப வலிக்குதுப்பா. கழுத்தத் திருப்ப முடியல."

"என்னது?"

"தலவலிப்பா."

"அட, அதுக்கு மருந்து இங்கதான்டா இருக்கு! இதக் கேளு!"

சொல்லிவிட்டுப் போனை டிரம்முக்கு நேராக நீட்டினேன். பன்னிரண்டு டிரம், ரோண்டா. தலை வலிக்கிற பிள்ளையின் காதில். அவனை டாலிவருக்கு அனுப்பாத கோபம் எனக்கு இன்னும் இருந்தது. எதை இழந்தாய் பார் என்று காட்ட வேண்டும் போல இருந்தது. திரும்பக் காதில் வைத்தபோது இணைப்பு போயிருந்தது. சிரித்துக்கொண்டே வைத்திருப்பான் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற ராஸ்கோவிடம், "என் மவன்டா. வடக்க போயி காது குளுந்து போச்சு, சூடு ஏத்தினேன்" என்று சொன்னேன். அவனும் சிரித்தான்.

மாலையில் கூப்பிடலாம் என்றிருந்தேன். மாலையில் மீன் வறுவல். ஞாயிறு சர்ச். திங்கட்கிழமை உனக்கு அந்தப் போன் வந்தது.

ஊர் முழுக்கப் பேசுகிற வாய். இதை மட்டும் யாரிடமும் பேசவில்லை. அந்த மைதானத்தில் என் மகள் நிற்க, அந்த டிரம் சத்தத்தை நான் மறுபடி கேட்க வேண்டும் என்கிறாய். என்னால் முடியாது. இதுதான் காரணம்.

லூசியஸ்


மின்னியாபொலிஸ்
ஜூன் 30

லூசியஸ்,

தெரியும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெட்டியில் அவன் போனும் இருந்தது. சனிக்கிழமை, மதியம் 3.12, 'அப்பா'. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அதற்குப் பிறகு அவன் யாரையும் கூப்பிடவில்லை.

பத்தொன்பது மாதம் காத்திருந்தேன். அடக்கத்தன்று சொல்வாய் என்று பார்த்தேன். அவன் துணிகளை மடிக்கும்போது சொல்வாய் என்று பார்த்தேன். வக்கீல் அறையில் நீ பேனா எழுதவில்லை என்று ஏதோ வேடிக்கை பேசினாய், வக்கீல்கூடச் சிரித்தார். நான் விவாகரத்து கேட்டது அந்தப் போனுக்காக இல்லை. நீ அதை என்னிடம் சொல்லாததற்காக. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் என்ன பேசினான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. கழுத்து என்று சொன்னானா. இருபத்தைந்து வருடமாக ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறேன். காய்ச்சல், தலைவலி, கழுத்து என்றால் மூளைக்காய்ச்சல். எனக்கு அந்த ஒரு சொல் போதும். பத்து நிமிடத்தில் அவன் அறை வாசலுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பியிருப்பேன்.

ஆனால் அவன் என்னைக் கூப்பிடவில்லை.

அதற்கு முந்தைய வாரம், "நான் வந்துடறேம்மா, டாலிவர்ல சேந்துக்கறேன்" என்றான். "ஒரு வருஷம் பல்லக் கடிச்சிட்டு இரு, வாழ்க்க பூரா அந்தப் பேரச் சொல்லிக்கலாம்" என்றேன். இதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாத பிள்ளை மருந்து தெரிந்த அம்மாவை விட்டுவிட்டு, வேடிக்கை பேசுகிற அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறான். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அதைவிட அதிகமாக, அந்த ஒரு நிமிடம் நாற்பது வினாடி உனக்குக் கிடைத்ததே என்று பொறாமை.

நைலா டாலிவருக்குத்தான் போகிறாள். அவன் சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்ட இடம். ஆகஸ்ட் 17 அன்று விமானத்தில் வருவாள். இன்னொரு பிள்ளையை விட்டுவர விடுதிப் படி ஏற எனக்குத் தைரியம் இல்லை. நீ போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொடு.

ரோண்டா


மான்ட்கோமரி
செப்டம்பர் 15

ரோண்டா,

ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் முதுகு. பெட்டியைத் தூக்கிக்கொடு என்றாய். பெட்டிக்குள் மின்னியாபொலிஸையே மடித்து வைத்திருக்கிறாய் என்று நீ சொல்லவில்லை. மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடியில் நான் உட்கார்ந்துவிட்டேன். பேண்டில் சேரவந்த பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து, "தாத்தா, நீங்க தள்ளுங்க" என்று வாங்கிக்கொண்டார்கள். பெட்டியை விட அந்தச் சொல்தான் கனமாக இருந்தது.

சாப்பாட்டு அறையில் மிஸ் ஓபல் இன்னும் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. கண்ணாடி மட்டும் தடித்திருக்கிறது. கரண்டியால் என்னைக் காட்டினார்.

"லூசியஸ் பெட்வே! போன வருஷ விழாவுல ஆளக் காணோம். செத்தவங்க பேரு வாசிக்கும்போது காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"உங்கள அனுப்பிட்டுத்தான் போவேன் மிஸ் ஓபல்."

"வாயி மட்டும் கொறையல. இது யாரு, மகளா? அம்மா யாரு?"

"ரோண்டா."

"எந்த ரோண்டா?" என்று யோசித்தவர் முகம் மாறியது. "மனு எழுதுனாளே, அவளா? என் பலகையக் கழட்டுனவ மகளா நீ? வா இங்க."

நைலா தட்டோடு என் பின்னால் ஒதுங்கினாள். அவர் அவள் தட்டில் இரண்டு கரண்டி மக்காச்சோளக் கூழை அதிகமாகப் போட்டார்.

"பலகையத்தான கழட்டுனாங்க. என் கண்ணயா கழட்டுனாங்க? உங்கம்மாகிட்ட சொல்லு."

சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டேரியனைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நைலாவும் சொல்லவில்லையாம். போன புதன்கிழமை அவளுக்குச் சளி. காலைச் சாப்பாட்டுக்குப் போகாமல் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். ஒன்பதே காலுக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மிஸ் ஓபல், எழுபத்து நான்கு வயதில் மூன்று மாடி ஏறி, கையில் மூடிபோட்ட கிண்ணத்தோடு. "மூஞ்சியக் காட்டு. சளியா? சரி, தின்னு. நாளைக்கும் வரலன்னா டாக்டரோட வருவேன்." அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

நைலா இதைச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள், ரோண்டா. முடிக்கும்போது அண்ணன் பேரைச் சொன்னாள். அந்த நாற்பதாயிரம் பேரில் ஒரே ஒரு மிஸ் ஓபல் இருந்திருந்தால்.

விழா அக்டோபர் 19. நைலா வரச் சொல்கிறாள். யோசிக்கிறேன் என்றேன்.

லூசியஸ்


மான்ட்கோமரி
அக்டோபர் 20

ரோண்டா,

போனேன்.

டிரம் சத்தம் கேட்காத தூரமாகப் பார்த்து, வேலி ஓரம், கழிப்பறை வரிசைக்குப் பின்னால் நின்றேன். என்னைப் போன்ற பிரமுகருக்கு ஏற்ற இடம். ராஸ்கோ கண்டுபிடித்துவிட்டான். "இங்க என்னடா வேல?" என்று இழுத்துப்போய், வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே, அவன் தம்பியின் டியூபாவை என் தலைவழியாக மாட்டிவிட்டான். அது உடம்பைச் சுற்றி மாட்டுகிற ரகம் என்று உனக்குத் தெரியும். போட ஒரு ஆள் வேண்டும், கழற்ற இரண்டு ஆள் வேண்டும், என் இடுப்புக்கு மூன்று ஆள். முதல் பாட்டு ஆரம்பித்தது. நான் ஊதவில்லை. வாயை மட்டும் வைத்திருந்தேன்.

அப்போது போன் அதிர்ந்தது. மணியைப் பார்த்தேன். மூன்று அடித்துப் பத்து நிமிடம். நைலா.

ஓடினேன். ஐம்பத்து இரண்டு வயது, அந்த எடை, அந்த முழங்கால், மேலே பித்தளை மலைப்பாம்பு. ராஸ்கோ கத்தினான், யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள், ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது. போனைக் காதில் அழுத்தியபடி கார்களுக்கு நடுவே ஓடி, வேதியியல் கட்டடத்தைச் சுற்றி, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே டிரம் கேட்கவில்லை. மூச்சு வாங்கியது. "சொல்லும்மா" என்றேன். "கேக்குது. நல்லாக் கேக்குது. சொல்லு."

"எங்க நிக்கிறீங்கப்பா? மீன் வாங்கி வெச்சிருக்கேன், ஆறுது."

"தல வலிக்குதா?"

"இல்லியே."

"கழுத்து?"

"அப்பா, எனக்குப் பசிக்குது. அவ்வளவுதான்."

வைத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. டியூபாவோடு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதும் ஒரு காரணம். கொஞ்ச நேரம் கழித்து மிஸ் ஓபல் குப்பை கொட்ட வந்தார். என்னைப் பார்த்தார். கவசம் போட்டவன் மாதிரி உட்கார்ந்து அழுகிற ஆளிடம் என்ன கேட்பது? "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

லூசியஸ்


மின்னியாபொலிஸ்
அக்டோபர் 26

லூசியஸ்,

நேற்றுதான் உன் கடிதம் வந்தது. ஆனால் நீ ஓடியதை அன்றைக்கே நைலா சொல்லிவிட்டாள். உன்னோடு மீன் சாப்பிட்டு முடித்து மைதானத்துக்குத் திரும்பி வந்து எனக்குக் கூப்பிட்டாள்.

அவள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. பின்னால் டிரம் சத்தம். "இருங்கம்மா, தள்ளிப் போய்ப் பேசறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "போன அந்தப் பக்கம் காட்டு."

"எதுக்கும்மா?"

"காட்டேன்."

அவன் கடைசியாகக் கேட்டது எனக்கும் வேண்டியிருந்தது. சமையலறையில் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடம் நாற்பது வினாடி கேட்டேன்.

நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், லூசியஸ்.

ரோண்டா